ஆவியில் வெந்த செங்கல்

சடகோபனுக்குக் காசு ஆசை கிடையாது, பதவி ஆசை கிடையாது. தன் பேர் முழுசாக ஒரு நல்ல காகிதத்தில் அச்சாக வேண்டும் என்ற ஆசை மட்டும் உண்டு. இதில் என்ன தப்பு என்று கேட்டால், ஒரு தப்பும் இல்லை. ஆனால் மனுஷனுக்கு அந்த ஒன்றுதான் வாய்க்கவே இல்லை. கல்யாணப் பத்திரிகையில் ஒரு தடவை பேர் அச்சானது. அதிலும் அச்சாபீஸ்காரன் 'சிரஞ்சீவி சடகோபாலன்' என்று போட்டுத் தொலைத்தான். கல்யாணத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர், மாப்பிள்ளை வேறு யாரோ என்று நினைத்துக்கொண்டே சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

பொன்மலை ரயில்வே பட்டறையில் அவருக்கு டிராஃப்ட்ஸ்மேன் உத்தியோகம். காலையில் ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் வண்டி ஏறுவார். சாயங்காலம் வரை எஞ்சினின் எலும்பும் நரம்புமாக வரைந்து தள்ளுவார். கோடு இழுப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. வரைந்து முடித்த படத்தின் மூலையில் மேலதிகாரிகளின் பெரிய பெரிய கையெழுத்துகள் வரிசையாக விழும். அவருடையது அதற்குக் கீழே இரண்டே எழுத்து. உத்தியோகத்தில் அதுதான் முறை. இதற்காக அவர் யாரையும் குறை சொன்னதில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் மட்டும் முனகுவார்.

மனைவி அரவிந்தவல்லி இதைக் காது கொடுத்துக் கேட்பாள், பிறகு சிரிப்பாள். எதற்கும் சிரிக்கிற ஜன்மம் அவள். ஆனால் தளிகை உள்ளில், அதாவது அடுக்களையில், நின்றால் அவள் ராஜ்யம்தான். அவள் வார்க்கும் இட்லியைச் சாப்பிட்டுவிட்டு, வடக்குச் சித்திரை வீதியில் வாய்த்துடுக்குக்குப் பேர்போன கிழவர்கள்கூட ஒரு நாழிகை வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார்கள்.

இவர்கள் வீட்டு மாடியில் ஓர் அறை உண்டு. சித்திரை மாதம் அதற்குள் போனவன் வெந்து வெளியே வருவான். அந்த அறையில் உட்கார்ந்து படம் வரையத்தான் சடகோபனுக்கு ஆசை. வெயிலைத் தடுக்க என்ன வழி என்று யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். உள்ளே பொடிப்பொடியாகத் துளைகள் உள்ள செங்கல் செய்ய வேண்டும். துளைக்குள் காற்று நிற்கும், காற்று சூட்டை உள்ளே விடாது. கல் கனமில்லாமலும் இருக்கும், மச்சின் மேல் பரப்பினால் கூரை தாங்கும். யோசனை நல்ல யோசனைதான். கல்தான் அமையவில்லை.

முதலில் களிமண்ணில் உமியைக் கலந்து அச்சில் வார்த்தார். கொள்ளிடக்கரையில் செங்கல் சூளை வைத்திருந்த வீரமலை அதைச் சுட்டுக் கொடுத்தான். வீரமலை மருங்காபுரிப் பக்கத்துக்காரன், மழை பொய்த்த ஒரு வருஷம் நிலத்தை விட்டு இங்கே வந்து சூளை போட்டவன். சுட்ட கல்லை எடுத்து அவன் விரலால் ஒரு தட்டுத் தட்டினான். கல் பொலபொலவென்று உதிர்ந்து அவன் காலடியில் விழுந்தது.

"சாமி, இது செங்கல் இல்லீங்க. புட்டு" என்றான் வீரமலை.

அடுத்து மரத்தூள் போட்டுப் பார்த்தார். அது சூளையிலேயே வெடித்துப் பக்கத்தில் இருந்த நல்ல செங்கல்லையும் கெடுத்தது. வீரமலை நல்லவனாக இருந்ததால் சண்டை வரவில்லை.

இப்படி இருக்கையில் ஒரு கோடைக்காலக் காலையில் தளிகை உள்ளிலிருந்து அரவிந்தவல்லியின் குரல் கேட்டது. முதல் நாள் அரைத்து வைத்த இட்லி மாவு பொங்கி, பாத்திரத்தை விட்டு வழிந்து, தரையெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றாள். சடகோபனோ மாவைப் பார்த்துவிட்டு வாயெல்லாம் பல்லாக நின்றார்.

"எவ்வளவு துளை பார்த்தயா" என்றார்.

"துளையா? ரெண்டு நாளைக்கான மாவுன்னா இது" என்றாள் அவள்.

அன்றைக்கே உளுந்து டப்பாவுக்குச் சனி பிடித்தது. உளுந்தை நுரைக்க நுரைக்க அரைத்துக் களிமண்ணோடு கலந்து, ராத்திரி முழுக்கப் பொங்க விட்டு, அச்சில் வார்ப்பது என்று ஆரம்பித்தார். தளிகை உள் ஆட்டுக்கல்லில் மண் பட்டால் அப்புறம் அதில் பெருமாளுக்கு எதை அரைப்பது? அரவிந்தவல்லி ஒரே வார்த்தையில் மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். கிணற்றடியில் இவருக்கென்று தனி ஆட்டுக்கல் வந்தது. ரயில்வே உத்தியோகஸ்தர் ஒருவர் பஞ்சகச்சத்தை வரிந்து கட்டிக்கொண்டு கொல்லையில் உட்கார்ந்து உளுந்து அரைக்கிற காட்சியைப் பக்கத்து வீட்டுப் பெண்கள் மதில் மேல் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

ராத்திரி மாவு நன்றாகத்தான் பொங்கும். காலையில் வெயில் பட்டதும் பொக்கென்று அமுங்கிவிடும். கொல்லை பூராவும் மர அச்சுகள். ஒவ்வொன்றுக்குள்ளும் வறட்டி மாதிரி ஒரு மண் வில்லை. பங்குனி முழுக்க இதே கதை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி உலர்த்த வந்த அரவிந்தவல்லி இதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வழக்கம்போலச் சிரித்தாள்.

"ஏன்னா, மாவை வெயில்ல வச்சா இட்லி ஆயிடுமா? ஆவியில வேக வைக்க வேண்டாமா?"

"இது இட்லி இல்லை. மண்ணு."

"மண்ணா இருந்தா என்ன? தூக்கி நிறுத்தறது உளுந்துதானே? உளுந்து வெந்தாத்தானே நிக்கும்" என்று சொல்லிவிட்டுத் துணியை உதறிக் கொடியில் போட்டாள்.

சடகோபனுக்கு மகா கோபம். அன்று முழுக்க அவளோடு பேசவில்லை. சாதத்துக்குச் சாத்தமுது இன்னும் கொஞ்சம் வேண்டும் என்பதைக்கூடக் கையால் காட்டினார். ஆனால் மறுநாள் பட்டறையிலிருந்து திரும்புகிறபோது திருச்சியில் இறங்கிப் பெரியகடை வீதிக்குப் போய், பழைய வெந்நீர்த் தவலை ஒன்றைப் பேரம் பேசி வாங்கி வந்தார். அடியில் தண்ணீர், மேலே மூங்கில் தட்டு, தட்டின் மேல் அச்சுகள், வாய்க்கு ஒரு ஈயம் பூசிய மூடி. களிமண்ணை இட்லி மாதிரி வேக வைத்தார்.

வெந்த மண் அமுங்கவில்லை. வெயிலில் காய்ந்தபோதும் அமுங்கவில்லை. சூளையில் உளுந்து எரிந்து போயிற்று, அது இருந்த இடமெல்லாம் துளையாக நின்றது. வீரமலை கல்லைக் கையில் எடுத்தான், எடையே தெரியவில்லை. விரலால் தட்டினான், கல் உதிரவில்லை. சந்தேகம் தீராமல் தண்ணீர்த் தொட்டியில் போட்டான். செங்கல் மிதந்தது.

"முப்பது வருசமா செங்கல்லு சுடறேன் சாமி. வேக வச்ச செங்கல்லை இன்னைக்குத்தான் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு, சூளையில் வேலை செய்தவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினான்.

மாடி அறை குளிர்ந்தது என்று சொல்ல முடியாது, ஆனால் மனுஷன் உட்காரலாம் என்று ஆயிற்று. பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் சடகோபன் கதை சொன்னார். முதலில் சொன்னபோது, "ஆத்துல கேலி பண்ணினா, அதைக் கேட்டுப் பண்ணினேன்" என்றார். ஒரு மாசம் கழித்து, "ஆத்துல பேசிண்டிருந்தப்போ தோணித்து" என்று ஆயிற்று. ஆடி பிறப்பதற்குள், "எனக்குத் தோணித்து" என்றே நின்றுவிட்டது. இதைப் பொய் என்று சொல்லிவிட முடியாது. நன்றாகக் கதை சொல்கிறவர்கள் எல்லாருக்கும் நேர்கிற விபத்துதான் இது. சொல்லச் சொல்ல, இடைஞ்சலாக இருப்பவர்கள் கதையிலிருந்து தாமாகவே நழுவிப் போய்விடுகிறார்கள்.

அரவிந்தவல்லியின் தம்பி பராசரன் திருச்சியில் வக்கீல். சின்ன வயசு, கேஸ் குறைவு, உற்சாகம் அதிகம். மிதக்கிற செங்கல்லைப் பார்த்ததும் துள்ளிக் குதித்தான்.

"அத்திம்பேர், இதுக்கு பேடன்ட் வாங்கணும். கல்கத்தாவுல அதுக்குன்னு ஆபீஸ் இருக்கு. இந்த முறையை உங்களைக் கேக்காம யாரும் பண்ணக் கூடாதுன்னு சர்க்கார் முத்திரை போட்டுக் காயிதம் தருவா. உங்க பேர் கொட்டை எழுத்துல அச்சாகி வரும்."

பராசரன் மேலே என்னென்னவோ சட்டம் பேசினான். கடைசி வாக்கியத்துக்குப் பிறகு சடகோபன் காதில் எதுவும் விழவில்லை.

விண்ணப்பம் தயாராயிற்று. முறையை விளக்கி எழுதிக் கடைசியில், இன்னது எனக்கு உரிமை என்று கேட்க வேண்டும். அந்தப் பகுதிக்குக் கிளெய்ம் என்று பேர். "கிளெய்மை அகலமாப் போடுங்கோ அத்திம்பேர். அகலமா இருந்தாத்தான் எவனும் சந்து வழியா நுழைய முடியாது" என்று பராசரன் யோசனை சொன்னான். அதனால் களிமண் என்று எழுத வேண்டிய இடத்தில், 'தாதுப் பொருளோ தாவரப் பொருளோ, அரைத்த எந்தப் பொருளும்' என்று போட்டார்கள். உளுந்தோடு கலந்து, பொங்க விட்டு, அச்சில் வார்த்து, ஆவியில் வேக வைக்கும் முறை. திருப்தியாக எழுதி, மேளதாளம் மட்டும் இல்லாமல் தபாலில் சேர்த்தார்கள்.

கல்கத்தா ஆபீசில் விண்ணப்பத்தைச் சோதித்தவர் ஒரு வங்காளி. அவர் வேலை, கேட்கிற விஷயம் உண்மையிலேயே புதுசுதானா, ஏற்கெனவே தேசத்தில் புழங்குகிறதா என்று தோண்டிப் பார்ப்பது. தோண்டினார். சில வாரங்களில் பதில் வந்தது. பராசரன் உரக்கத் தமிழில் படித்துச் சொன்னான்.

"சென்னை ராஜதானியில் அரிசியையும் உளுந்தையும் அரைத்து, பொங்க விட்டு, அச்சில் வார்த்து, ஆவியில் வேக வைத்து, துளைகள் உள்ள ஒரு பண்டம் செய்யப்படுகிறது. அதற்கு இட்லி என்று பேர். விண்ணப்பதாரர் கேட்கும் உரிமைக்குள் அந்தப் பண்டமும் அடங்குகிறது. கையெழுத்திட்டிருப்பவர் இங்குள்ள ஒரு மதராஸி மெஸ்ஸில் அதை நேரிலேயே பரிசீலித்திருக்கிறார்."

சடகோபன் முகத்தில் ஈயாடவில்லை. அரவிந்தவல்லி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வெறுமனே பரிசீலிச்சாராமா, சட்னி தொட்டுண்டாராமா?" என்று கேட்டாள்.

விஷயம் எப்படியோ வீதிக்குப் போயிற்று. எப்படியோ என்ன, பராசரன்தான் சொல்லியிருப்பான். மறுநாள் காலை சடகோபன் ஸ்டேஷனுக்குப் போகிற வழியெல்லாம் விசாரிப்பு. "நாளைக்கு ஆத்துல இட்லி வார்க்கலாம்னு இருக்கோம். தேவரீர் அனுமதி உண்டோ?" என்று ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். இன்னொருவர், தோசை இதில் சேர்த்தியா என்று கேட்டார். சடகோபனும் சும்மா இருக்கவில்லை. தோசைக்குத் தனியாக விண்ணப்பம் போகிறது என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினார். உள்ளே மட்டும் கொஞ்சம் வலித்தது.

கிளெய்மை வெட்டிக் குறுக்கினார்கள். தாவரம் போயிற்று, களிமண் மட்டும் நின்றது. இட்லி பிழைத்தது. திருத்திய விண்ணப்பத்துக்குக் கல்கத்தாவிலிருந்து வந்த பதில் இந்தத் தடவை மரியாதையாகவே இருந்தது. மண்ணில் பலதைக் கலந்து சுட்டுத் துளை உண்டாக்குவது பல தேசங்களில் தெரிந்த விஷயம். ஆனால் வார்த்த மண்ணைக் காய வைப்பதற்கு முன் ஆவியில் வேக வைப்பது வேறு எங்கும் காணப்படவில்லை. கண்டுபிடிப்பு என்று இதில் ஒன்று இருந்தால் அது அந்த வேக வைப்பதுதான். அந்த எண்ணம் எப்படி உதித்தது என்று விண்ணப்பதாரர் விளக்க வேண்டும். தாமே அதன் உண்மையான முதல் கண்டுபிடிப்பாளர் என்று மாஜிஸ்ட்ரேட் முன்னிலையில் உறுதி சொல்ல வேண்டும்.

"பழம் நழுவிப் பால்ல விழுந்தாச்சு" என்றான் பராசரன்.

சடகோபன் மாடி அறையில் உட்கார்ந்து, தமக்கு அந்த எண்ணம் உதித்த வரலாற்றை எழுதினார். எழுதியதை அரவிந்தவல்லிக்குத் தமிழில் படித்தும் காட்டினார். கொல்லையில் ஆழ்ந்த சிந்தனையில் நின்றபோது நீராவி எஞ்சினின் ஞாபகம் வந்தது என்று நயமாக எழுதியிருந்தார். அவள் புடலங்காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள். "நன்னாருக்கு" என்றாள். அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை. சடகோபன் அதைக் கவனிக்கவும் இல்லை.

சூளையில் சுட்டதற்கு வீரமலையின் சாட்சியும் இருந்தால் நல்லது என்று பராசரன் சொல்லியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை சடகோபன் கொள்ளிடக்கரைக்குப் போனார். சேதியைக் கேட்டதும் வீரமலை தலைப்பாகையை அவிழ்த்து உதறிக் கட்டிக்கொண்டான்.

"வந்து சொல்றேன் சாமி. அம்மா வேக வைக்கச் சொன்னாங்க, நீங்க வேக வச்சீங்க, நான் சுட்டேன். அவ்வளவுதானுங்களே?"

"அம்மா சொன்னாளா? யார் சொன்னது உனக்கு?"

"நீங்கதான் சாமி. முத நாளு கல்லைத் தூக்கிட்டு வந்தப்ப, 'வீட்டுல கேலி பண்றா, மண்ணை இட்லி மாதிரி வேக வைக்கணுமாம், வச்சுப் பாத்தேன், நிக்குது'ன்னு சொன்னீங்களே. நாங்க எல்லாரும் சிரிச்சோம். மறந்துட்டீங்களா?"

மறந்துதான் போயிருந்தார். அதெல்லாம் ஒரு நொடியில் திரும்பி வந்தது. கொடியில் துணி உதறியது, உளுந்து வெந்தால்தான் நிற்கும் என்று அவள் சொன்னது, இவர் சாத்தமுதுக்குக் கை காட்டியது, எல்லாம். சாட்சி எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். நல்ல வெயில். கொள்ளிடம் மணலாகக் கிடந்தது. எரிச்சல், வெட்கம், அழுகை எல்லாம் சேர்ந்து வந்தது அவருக்கு. வாழ்க்கையில் ஒரே ஒரு காகிதம் கேட்டேன், அதிலும் பங்கா என்று ஒரு மனசு பொருமியது. முக்கால்வாசியும் உன் வேலைதானே, உளுந்து உன் யோசனைதானே, கேலிக்குச் சொன்னது ஒரு கண்டுபிடிப்பா என்று அதே மனசு வக்கீலாகவும் வாதாடியது. ஆனால் கல்கத்தாக்காரர் தெளிவாக எழுதியிருந்தார். மற்றதெல்லாம் உலகத்துக்குத் தெரியும். வேக வைத்ததுதான் புதுசு.

வீட்டுக்கு வந்ததும் நேரே தளிகை உள் வாசலில் போய் நின்றார்.

"வேக வைக்கச் சொன்னது நீதானே?"

அரவிந்தவல்லி நிமிர்ந்து பார்த்தாள். "ஆமாம்."

"அன்னிக்கு நான் படிச்சுக் காட்டினப்போ ஏன் சொல்லலை?"

"சொன்னா உங்க மூஞ்சி வாடிப் போயிடும். அந்தக் காயிதத்துக்காக எவ்வளவு ஆசையா இருக்கேள். எனக்கென்ன, நான் வேற எதையாவது வேக வச்சுக்கறேன்" என்றாள். சொல்லிவிட்டு அடுப்பை ஊதப் போய்விட்டாள். நல்ல வேளையாகப் புகை இருந்தது, அதன் மேல் பழியைப் போட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலமே பராசரனைக் கூப்பிட்டு, இரண்டு பேர் பேரையும் போட்டு எழுது என்றார். பராசரன் சொந்த அக்காவுக்கு எதிராகவே வாதாடினான்.

"ஆத்துக்காரி சொன்னதும் ஆத்துக்காரர் சொன்னதும் ஒண்ணுதானே அத்திம்பேர்? யார் கேக்கப் போறா? அக்கா பேரைப் போட்டா ஊரே சிரிக்கும்."

"இட்லிக்கே சிரிச்சாச்சு. இதுக்கும் சிரிக்கட்டும். சத்தியம் பண்றதுன்னா உள்ளதைத்தான் சொல்லணும்."

கல்கத்தாவுக்கு விவரம் எழுதினார்கள். கணவன் மனைவி இருவரும் சேர்ந்து விண்ணப்பம் போடலாம், ஆனால் கண்டுபிடித்தது யார் யார் என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக மாஜிஸ்ட்ரேட் முன் உறுதி சொல்ல வேண்டும் என்று பதில் வந்தது. ஒரு புதன்கிழமை, அரவிந்தவல்லி அரக்கு மடிசார் உடுத்து, கோயில் இருந்த திக்கைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, ஜட்காவில் ஏறினாள். கோர்ட் என்றால் திருடர்கள் போகிற இடம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தாள்.

மாஜிஸ்ட்ரேட் பாலக்கரைக்காரர், கிறிஸ்தவர், பொறுமைசாலி. சடகோபனின் உறுதிமொழி சுலபமாக முடிந்தது. அடுத்து அரவிந்தவல்லி.

"இங்கிலீஷ்ல எழுதினதை உங்களுக்குத் தமிழ்ல சொல்லியாச்சுங்களா அம்மா?"

"சொன்னா."

"சரி. இப்ப நீங்களே உங்க வாயாலே சொல்லணும். இந்தச் செங்கல் முறையைக் கண்டுபிடிச்சது யாரு?"

"நானும் எங்காத்துக்காரரும்."

"உங்க பேரு?"

"அரவிந்தவல்லி."

"அவர் பேரு?"

அவள் வாய் மூடிக்கொண்டது. அந்த நாளில் ஸ்ரீரங்கத்துப் பெண்கள் கணவன் பேரைச் சொல்ல மாட்டார்கள், சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று பயம். கோயிலில் தீர்த்தம் கொடுத்த பிறகு சேவிக்கிறவர்கள் தலையில் வைக்கும் ஸ்ரீசடகோபத்தைக்கூட அரவிந்தவல்லி பெருமாள் திருவடி என்று மட்டும்தான் சொல்வாள். இத்தனை யோசித்த வக்கீல் பராசரனுக்கு இந்த ஒன்று தோன்றவில்லை. அவன் சட்டென்று எழுந்தான்.

"நான் சொல்லிடறேன், யுவர் ஹானர்."

"நீங்க சொல்லக் கூடாது வக்கீல் சார். உறுதிமொழி அவங்களுது" என்றார் மாஜிஸ்ட்ரேட். அவரும் இந்த ஊர்க்காரர்தான், சங்கடம் புரிந்தது. "ஜாடையாவது சொல்லுங்கம்மா, பாப்போம்."

"பெருமாள் கோயில்ல தீர்த்தம் குடுத்தப்புறம் தலையில சாதிப்பாளே" என்றாள் அவள் மெதுவாக.

மாஜிஸ்ட்ரேட் மோவாயைத் தடவி யோசித்தார். "விபூதியா?"

பராசரனுக்கு இருமல் வந்துவிட்டது. பெருமாள் கோயிலில் விபூதி என்று கேட்ட அதிர்ச்சியில் அரவிந்தவல்லி காதைப் பொத்திக்கொண்டாள்.

மாஜிஸ்ட்ரேட் பேனாவைக் கீழே வைத்தார். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. ஜாடையை வச்சு எழுதினா கல்கத்தாவுல ஒத்துக்க மாட்டாங்க. நீங்க சொல்ற பேரைத்தான் நான் எழுத முடியும். அவர் பேரைச் சொல்லலைன்னா, கண்டுபிடிச்சது நீங்கன்னு மட்டும் எழுதிக்கிறேன். அவர் பேர் வராது."

தலைக்கு மேல் பங்கா விசிறி கிறீச் கிறீச்சென்று ஆடிக்கொண்டிருந்தது. அரவிந்தவல்லி தலையைக் குனிந்துகொண்டு, முந்தானை நுனியைத் திருகிக்கொண்டு நின்றாள். அவளை அப்படிப் பார்க்கச் சடகோபனுக்குப் பொறுக்கவில்லை. ஊரையும் பேரையும் நினைக்க அவருக்கு அப்போது நேரமில்லை. ஒரு அடி முன்னால் வந்தார்.

"அவ பேர் மட்டும் போறும். அப்படியே எழுதிக்கோங்கோ. வேக வைக்கச் சொன்னது அவதான். என் பேர் வேண்டாம்."

"நிஜமாத்தான் சொல்றீங்களா சார்?"

"நிஜமாத்தான்."

மாஜிஸ்ட்ரேட் பேனாவை எடுத்தார்.

"சடகோபன்" என்றாள் அரவிந்தவல்லி.

சின்னக் குரலில்தான் வந்தது. ஆனால் திருத்தமாக, ஒரு எழுத்துக் குறையாமல் வந்தது. மாஜிஸ்ட்ரேட்டுக்கு அது சரியாக விழவில்லை போலிருக்கிறது, இன்னொரு தரம் சொல்லுங்கம்மா என்றார். அவள் தலை நிமிர்ந்து கணவனைப் பார்த்தாள். கண்ணில் நீர் கட்டியிருந்தது, அதோடு அவளுடைய பழைய சிரிப்பும் இருந்தது.

"சடகோபன்" என்றாள், கோர்ட் வராந்தாவுக்கே கேட்கும்படி.

சடகோபன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். கையெழுத்துப் போட இரண்டு தரம் கூப்பிட வேண்டியிருந்தது.

திரும்பும்போது காவேரிப் பாலத்தின் மேல் ஜட்கா போகையில் அக்கரை போனதும் வண்டியை நிறுத்தச் சொன்னாள் அவள். அம்மா மண்டபப் படித்துறையில் இறங்கித் தீர்த்தமாடிவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவேன், பெரிய அபசாரம் பண்ணியிருக்கிறேன் என்றாள்.

"எனக்கு ஒண்ணும் ஆயுசு குறையலை. கூடின மாதிரிதான் இருக்கு" என்றார் சடகோபன். "எப்படியும் தீர்த்தமாடத்தான் போறே. அதுக்குள்ள இன்னொரு தரம் சொல்லேன்."

"போறுமே ஆசை" என்றாள் அவள். வண்டிக்காரன் கேட்காதவன்போலக் குதிரையை அதட்டினான்.

மறுவருஷம் தை மாதம் கல்கத்தாவிலிருந்து பேடன்ட் வந்தது. தடித்த காகிதம், சர்க்கார் முத்திரை, இரண்டு பேருடைய பேரும் கொட்டை எழுத்தில். அகர வரிசையோ என்னவோ, அரவிந்தவல்லி பேர் முதலில் இருந்தது. தன் பேர் இருக்கும் இடத்தைக் காட்டச் சொல்லிக் கேட்டு, அதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, கை ஈரம் பட்டுவிடப் போகிறது என்று அவள் உள்ளே போய்விட்டாள். வீதியிலிருந்து நாலு பேர் கூடிவிட்டார்கள். பராசரன் காகிதத்தை உயர்த்திப் பிடித்து ஒரு தரம் படித்தான், வந்தவர்களுக்காக மறுபடி படித்தான். சடகோபன் மட்டும் எட்டிக்கூடப் பார்க்காமல், ஊஞ்சலில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்.

"என்ன அத்திம்பேர், இதுக்காக எத்தனை வருஷம் காத்துண்டிருந்தேள். வாங்கோ, உங்க பேரை வந்து பாருங்கோ" என்றான் பராசரன்.

"பார்க்கறதுக்கு என்ன இருக்கு" என்றார் சடகோபன். "அன்னிக்கே கேட்டாச்சே."